குறிப்புக் கட்டத்துக்குள் ஓர் ஊர்

நான் ஒரு கட்டின் மேல் ஏறி நின்று, மேல்தட்டிலிருந்து இன்னொரு கட்டை இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் சின்னப்பொண்ணு பதிவறை வாசலில் வந்து நின்றாள்.

கட்டு என்றால், பழைய பதிவேடுகளைச் சிவப்புத் துணியில் சுற்றி, மேலும் கீழும் பலகை வைத்து இறுக்கிக் கட்டியது. கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பதிவறை முழுக்க அதுதான். நான் ஓய்வு பெற்ற சில வருஷம் கழித்து, கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. பழைய கட்டுகளை வேறு கட்டடத்துக்கு மாற்றவேண்டும், எது எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத்தான் தெரியும், வந்து காட்டிக்கொடுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட அன்றைக்கே போய்விட்டேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

நான் கொஞ்சம் குள்ளம். மேல்தட்டு எட்டாது. அதனால் வேலையில் இருந்த காலத்திலிருந்தே ஒரு கட்டைத் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நிற்பது என் வழக்கம். எப்போதும் அதே கட்டுதான். நல்ல கனம், ஆடாது.

“மேடம், உள்ள வரலாங்களா?” என்றாள்.

நாற்பது வயதிருக்கும். முதல் பஸ் பிடித்து மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “குடைய வெளிய வெச்சிட்டு வாம்மா, இங்க எல்லாம் காகிதம்” என்று ஒரு அதட்டல் போட்டேன். என் குரலே அப்படித்தான், கோபம் இல்லாவிட்டாலும் கோபம் மாதிரி இருக்கும். அவள் பயந்துபோய்க் குடையோடு தானும் வெளியே நின்றுவிட்டாள். பிறகு நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன்.

குன்னிவளவு

கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி, ரோட்டோரத்தில் இருக்கிற ஒரு சின்னக் குடியிருப்பு அவளுடையது. ஆனால் அது அவர்களுடைய சொந்த ஊர் இல்லை. ரோடும் பள்ளிக்கூடமும் வந்த பிறகு ஒவ்வொரு குடும்பமாக இறங்கி வந்த இடம். பழைய ஊர் அங்கிருந்து இரண்டு மணி நேரம் மேலே நடக்கவேண்டும். பேர் குன்னிவளவு. அங்கே இப்போது வீடு ஒன்றும் கிடையாது. சாமி இருக்கிறது, பலா மரங்கள் இருக்கின்றன, இறந்தவர்களைப் புதைக்கிற இடம் இருக்கிறது. இன்றைக்கும் அவர்கள் வீட்டில் யார் போனாலும் அங்கேதான் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அந்த இடம் இப்போது காடு. வழியை அடைத்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. அதனால் வன உரிமைச் சட்டப்படி ஊர் சேர்ந்து மனு போட்டிருந்தார்கள். விசாரிக்கிற குழு அடுத்த மாதம் நேரில் வருவதாக இருந்தது. அங்கே ஒரு ஊர் இருந்தது என்பதற்குப் பெரியவர்கள் வாய்ச்சொல் போக, எழுத்தில் ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். இதையெல்லாம் பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து மனுவின் நகலை எடுத்துக் காட்டி அவள் விளக்கினாள்.

ரோட்டோரத்தில்தான் பட்டா இருக்கிறதே, அந்தக் காட்டில் உனக்கு என்ன அவ்வளவு கட்டாயம் என்று கேட்டேன். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை.

“எம் புள்ள அங்க இருக்குது மேடம்” என்றாள்.

யாரோ அங்கே குடிசை போட்டுத் தங்கியிருக்கிறார்கள் போல என்று நினைத்து, எத்தனை வயசு என்று வேறு கேட்டுவிட்டேன். எட்டு மாசம் என்றாள். காய்ச்சலில் போய்விட்டதாம். பல வருஷமாயிற்று. ஒவ்வொரு தை மாசமும் போய், புல்லைச் செதுக்கி, ஒரு கல் வைத்துவிட்டு வருகிறாள். “வழிய அடச்சிட்டாங்கன்னா நான் எங்க போயி அதப் பாக்கறது?”

அவளை உட்கார வைத்து, டீ வாங்கிவர ஆளை அனுப்பினேன்.

கல்லில் எழுதினால்தானா?

என் வீட்டுக்காரருக்கு எலவனாசூர்கோட்டை. கல்யாணமான புதிதில் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டி, “பாத்துக்கோ, எங்க ஊரு கதைய கல்லுலயே எழுதி வெச்சிருக்காங்க, உங்க ஊருல இன்னா இருக்குது?” என்று கேட்டார். எனக்கு வடக்கனந்தல். நெல்லும் கரும்பும் இருக்கிறது, அதைத் தின்றுதான் உங்கள் ஊர்க்காரர்கள் கல்லைப் படிக்கிறார்கள் என்று சொன்னேன். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

ஆனால் அவர் சொன்னது மனசில் தைத்துவிட்டது. ராஜா தானம் கொடுத்தால் கல்லில் எழுதுவார்கள். வரி வாங்கினால் காகிதத்தில் எழுதுவார்கள். யாரும் எதுவும் கொடுக்காத, யாரும் எதுவும் வாங்காத ஊரை யார் எழுதுவார்கள்?

குன்னிவளவு அப்படிப்பட்ட ஊர். மலை அந்தக் காலத்தில் ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அரசாங்கத்து நில அளவை மேலே ஏறியதே ரொம்பப் பிற்பாடுதான். அதற்குள் பாதி ஊர் கீழே வந்துவிட்டது. நிலப் பதிவேடு, வரைபடம், பிறப்பு இறப்புக் கணக்கு எல்லாவற்றையும் புரட்டினேன். மூன்று வாரம். தூசியில் தும்மித் தும்மி மூக்கு புண்ணாகிவிட்டது. குன்னிவளவு என்ற பேரே எங்கேயும் இல்லை.

சின்னப்பொண்ணு வாரம் ஒரு தடவை இறங்கி வருவாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் கட்டுகளைத் தூக்கி வைக்க ஒத்தாசை பண்ணிவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குப் போவாள். நான்காவது தடவை வந்தபோது, எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டதம்மா, இனிமேல் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

“நீங்க நின்னுக்கினு இருக்கற அது?” என்றாள்.

குனிந்து பார்த்தேன்.

அது வேறு இலாகாவின் கட்டு. சுகாதாரத்தைச் சேர்ந்தது, எப்போதோ தவறி எங்கள் அறைக்கு வந்துவிட்டது. வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று மூன்று தடவை எழுதினேன், யாரும் வரவில்லை. பிறகு அழிக்கவேண்டியவை பட்டியலில் நானே சேர்த்து, நானே கையெழுத்தும் போட்டேன். கூழ் அரைக்கிற லாரி வந்த அன்று அதைத் தூக்கிக் கொடுத்தால் எனக்கு ஏறி நிற்க வேறு எதுவும் இல்லை. அதனால் கொடுக்கவில்லை. இதுதான் உண்மை. இந்தத் தொடரில் என் பெருமைகளை நிறைய எழுதியிருக்கிறேன், இதையும் எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு குப்பன்கள்

முடிச்சு இறுகிப்போயிருந்தது. கத்தரிக்கோல் போட்டுத்தான் அறுத்தேன். உள்ளே அம்மை குத்திய பதிவேடுகள். பெரியம்மை இருந்த காலத்தில், ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்குக் கையில் கீறி மருந்து வைக்க ஒரு ஆள் இருப்பார். அம்மை குத்துறவர் என்று சொல்வார்கள். அவர் எழுதி வைத்த கணக்கு. ஐம்பதுகளில் எப்போதோ எழுதியது. மை பழுப்பாகிவிட்டிருந்தது, எழுத்து மட்டும் அச்சுக் கோத்த மாதிரி.

நான்காவது பதிவேட்டில், பக்கத்தின் தலையில், ‘குன்னிவளவு’ என்று இருந்தது.

சின்னப்பொண்ணு எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் கீழே படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. குழந்தையின் பெயர்: குப்பன். அடுத்த வரி: குப்பன். அடுத்தது: குப்பி. அதற்கடுத்தது: குப்பன். எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு குப்பன், ஒன்பது குப்பி. தகப்பன் பெயர் இருக்கவேண்டிய கட்டம் ஒன்றுவிடாமல் காலி.

முப்பது வருஷம் பதிவேடு பார்த்தவளுக்கு இது என்னவென்று தெரியாதா? மலை ஏறாமலே, அடிவாரத்தில் ஏதோ மரத்தடியில் உட்கார்ந்து, வாய்க்கு வந்த பேரை எழுதி நிரப்பியிருக்கிறான். இப்படிப்பட்ட ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். “இது பொய்க் கணக்கும்மா. இத எடுத்துக்கினு போனா உங்க மனுவே கெட்டுப்போயிடும்” என்று மூடிவிட்டேன்.

அவள் மூட விடவில்லை. அவ்வளவு நாளில் முதல் தடவையாக என்னோடு மல்லுக்கு நின்றாள்.

அவர்கள் ஊரில் அந்தக் காலத்தில் அப்படித்தானாம். அம்மைக்கு மருந்து வைக்க வருகிறவனிடம் பிள்ளையின் நிஜப் பேரைச் சொல்லக்கூடாது. சொன்னால் அந்தப் பேர் அம்மைக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் கூட்டிக்கொண்டு போய்விடும். அதனால் கேட்டவனுக்கெல்லாம் குப்பன், குப்பி. தகப்பன் பேர் ஏன் இல்லை? அவர் வந்தது பகலில். ஆம்பிளைகள் எல்லாம் காட்டில். வீட்டில் இருந்தவர்கள் தாய்மார்கள். புருஷன் பேரை அவர்கள் வாயால் எப்படிச் சொல்வார்கள்?

“எங்க மாமனார்கூட குப்பன்தான் மேடம். அந்த ஊசிக்காரனுக்கு மட்டும்” என்றாள்.

நான் மறுபடியும் பதிவேட்டைப் பிரித்தேன். இந்தத் தடவை கடைசிக் கட்டத்தைப் படித்தேன். ‘குறிப்பு’ என்று தலைப்பு. பொதுவாக எங்கள் ஆட்கள் யாரும் எதுவும் எழுதாத கட்டம் அது.

‘பெயர் சொல்லவில்லை. பாறையில் குடைந்த உரலுக்குத் தெற்கே முதல் வீடு.’

‘பெயர் பொய். இரட்டைப் பலாவுக்கு மேற்கே, வாசலில் ஆட்டுப்பட்டி.’

‘ஊற்றுக்கு இறங்கும் வழியில் மூன்றாம் வீடு. தாய்க்கு இடது கண்ணில் பூ விழுந்துள்ளது.’

இப்படி இருபத்தொரு வரி. அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்தும் சண்டை போடவில்லை, மிரட்டவில்லை. மருந்து வைத்த எட்டாம் நாள் திரும்பப் போய், கீறிய இடத்தில் கொப்புளம் எழும்பி மருந்து பலித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பேர் இல்லாமல் எந்தப் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் வீட்டை எழுதி வைத்துக்கொண்டார். ஒரு பேர்கூட இல்லாத அந்தப் பக்கத்தில் ஊர் முழுசாக இருந்தது. மரம், கல், ஊற்று, பட்டி, வழி, எல்லாம்.

எட்டாம் நாள் திரும்பப் போயுமிருக்கிறார். மருந்து வைத்த பிள்ளைகளின் வரியிலெல்லாம் ‘பலித்தது’, ‘பலித்தது’ என்று வேறு மையில் இருக்கிறது. எங்கள் வடக்கனந்தல் பக்கமிருந்துதான் ஏறியிருக்கவேண்டும். ரோடு இல்லாத காலத்தில், மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை. அந்த மனுஷனைத்தான் நான் மரத்தடிச் சோம்பேறி என்று சொன்னேன். அவர் எழுதியதன் மேல்தான் இருபது வருஷம் ஏறி நின்றேன். பதிவேட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் பேரைத் தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. ஒரு சுழித்த கையெழுத்து மட்டும், படிக்க முடியவில்லை.

உரலுக்குத் தெற்கே

குழு வந்த அன்று நானும் மேலே போனேன். அலுவலகத்தில் சொல்லி, பதிவேட்டுக்கு எழுத்துமூலம் அனுமதி வாங்கி, மஞ்சள் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். முட்டிவலிக்காரி எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். சின்னப்பொண்ணு ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். பின்னால் அவளுடைய மாமனார் வெள்ளையன், எழுபதைத் தாண்டியவர், மூச்சு வாங்காமல் வந்துகொண்டிருந்தார். இன்னும் எவ்வளவு தூரம் என்று நான் கேட்கிறபோதெல்லாம் “தோ, வந்துடுச்சிம்மா” என்பார். இரண்டு மணி நேரமும் இதையேதான் சொன்னார்.

மேலே போனால் வெறும் லாண்டானாப் புதரும் புல்லும். பலாப்பழம் வெடித்துக் கிடந்த வாசனை. குழுவின் அதிகாரி சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “படிங்கம்மா, பாக்கலாம்” என்றார்.

நான் படித்தேன். ‘பாறையில் குடைந்த உரலுக்குத் தெற்கே முதல் வீடு.’

ஊர்க்காரர்கள் புதரை விலக்கினார்கள். பாறையில் வட்டமாக ஒரு குழி, உள்ளே மழைத்தண்ணீர். தெற்கே நாலு எட்டு வைத்தால், மண்ணோடு மண்ணாக ஒரு சுவரின் அடிக்கல் வரிசை.

அடுத்த வரியைப் படித்தேன். இரட்டைப் பலா நின்றுகொண்டிருந்தது. அடுத்த வரி. ஊற்றுக்கு இறங்கும் வழியில் மூன்றாவது அடிக்கல். நான் படிக்கப் படிக்க அவர்கள் புதருக்குள் போய் “இருக்குது, இருக்குது” என்று குரல் கொடுத்தார்கள். இருபத்தொரு வரியில் பதினேழு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கூடவே நடந்துவந்த அதிகாரி கடைசியில், “எழுபது வருஷம் ஆயிருக்கும் இல்லீங்க?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு தன் நோட்டைப் பிரித்தார். ஊர் இருந்தது சரி, சந்தேகமே இல்லை என்றார். ஆனால் மனுவில் புதைக்கிற இடத்துக்கும் அதற்குப் போகிற வழிக்கும் உரிமை கேட்டிருக்கிறீர்கள். பதிவேட்டில் இருப்பது வீடுகள் மட்டும்தானே? புதைக்கிற இடம் எது என்பதற்கு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

சின்னப்பொண்ணு என்னைப் பார்த்தாள்.

உண்டு. எனக்குத் தெரியும். அடுத்த வருஷத்துப் பக்கத்தில் இருக்கிறது. நான் அதை அவளிடம்கூடக் காட்டவில்லை.

முதல் தடவை வந்தபோது நாலு வீட்டில் பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ‘குழந்தை ஒளிக்கப்பட்டது, குத்தவில்லை’ என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறார். அடுத்த வருஷம் மலையில் அம்மை போட்டு, அந்த நாலு பிள்ளைகளும் போய்விட்டன. மறுபடியும் வந்தவர், அந்த நாலு வரியையும் புதுப் பக்கத்தில் எடுத்தெழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக எங்கே புதைத்தார்கள் என்று குறித்திருக்கிறார். ஊற்றுக்குப் பக்கத்தில் புதைத்துவிடக் கூடாதே என்று பார்த்திருப்பார். நாலில் ஒன்று, உரலுக்குத் தெற்கே முதல் வீடு. அது வெள்ளையன் பிறந்த வீடு என்பது சற்று முன்னால்தான் தெரிந்தது. அடிக்கல்லைப் பார்த்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றார்.

இப்போது எப்படிப் படிப்பது? படித்தால் சின்னப்பொண்ணுக்கு வழி கிடைக்கும். ஆனால் உங்கள் அம்மா ஒளித்து வைத்ததால்தான் அந்தப் பிள்ளை செத்தது என்று அத்தனை பேருக்கு நடுவில் அந்த மனுஷன் முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி ஆகாதா? பக்கத்தைப் புரட்டுகிற மாதிரி நின்றேன்.

வெள்ளையன் பக்கத்தில் வந்தார். “படிம்மா. எங்க வூட்டு சங்கதிதான, எனக்குத் தெரியும்” என்றார்.

படித்தேன். ‘உரலுக்குத் தெற்கே முதல் வீடு. குப்பி, பெண், வயது இரண்டு. சென்ற முறை ஒளிக்கப்பட்டது. அம்மையில் இறந்தது. சாமிக் கல்லுக்கு வடக்கே, ஊற்றிலிருந்து நூறு அடிக்கு மேல் தள்ளி, மற்ற குழிகளோடு.’

வெள்ளையன் பேசினார், என்னிடம் இல்லை, அந்த அதிகாரியிடம். “நானு குத்திக்கினேன் சார். பெரியவன், ஒளிக்க முடியல, புடிச்சிட்டாங்க. தங்கச்சிய எங்கம்மா தானியக் குதிருக்குள்ள உக்கார வெச்சி மூடிட்டா. ஆசதான் சார், வேற இன்னா. காப்பாத்தறோம்னு நெனச்சிக்கினா.”

சாமிக் கல்லுக்கு வடக்கே எல்லாரும் நடந்தோம். ரொம்பப் பழசானவற்றின் மேல் புல் மூடிவிட்டது, கல் மட்டும் தெரிந்தது. ஓரத்தில் புல் செதுக்கிச் சுத்தமாக இருந்த ஒன்றின் பக்கத்தில் சின்னப்பொண்ணு போய் உட்கார்ந்துகொண்டாள். அதிகாரி ஊற்றிலிருந்து எட்டுப் போட்டு அளந்து வந்தார். “இது போதும்ங்க. இந்த எடத்தையும் வழியையும் சேத்தே எழுதிடறேன்” என்றார்.

புதைத்திருக்கிறவர்கள் பேரையும் ஒரு பட்டியலாகப் போட்டுவிட்டால் இன்னும் பலமாக இருக்கும் என்று சொல்லி, பேனாவைத் திறந்து, பதிவேட்டைப் பார்த்து முதல் வரியில் ‘குப்பி’ என்று எழுதப்போனார்.

வெள்ளையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அது பேரு இல்ல சார்.” சாமிக் கல்லைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார். “பூங்காவனம். எங்கம்மா யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சொல்லி இருந்தா. இப்ப அம்மையும் போயிடுச்சி, அவளும் போயிட்டா. எழுதிக்கோங்க.”

அதிகாரி எழுதினார். எழுதியதைத் திருப்பி அவரிடம் காட்டினார். வெள்ளையனுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமலே சின்னப்பொண்ணு சொன்னாள். “அதுக்குக் கீழ எம் புள்ள பேரு போடுங்க சார். தமிழரசு. எட்டு மாசம்.”